ஒரு குறையும் இல்லாத அறை

கட்டடம் எழும்பும் முன் நாங்கள் வரையும் படங்களில் ஒட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கணினியில் வகைவகையாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். முதியவர்கள் பகுதியைத் திறந்தால் வெள்ளைமுடிப் பெண் ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு மாணவனை ஒட்டி, நடுவில் ஒரு மடிகணினியை வைத்துவிட்டால் போதும், இரண்டு தலைமுறைகள் கூடுகிற இடம் தயார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளை எத்தனை கட்டடங்களில் சிரிக்க வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு வயது ஏறவில்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் வேறு பேசத் தொடங்கியிருக்கிறது.

தென் லண்டனில், குரோய்டனுக்குப் போகும் டிராம் பாதையை ஒட்டி, ஒரு பல்கலைக்கழகம் புதுக் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டது. உள்ளூர்க் கவுன்சில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. தரைத்தளத்தில் ஒரு பெரிய அறை அந்தப் பகுதி முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கட்டடம் எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. அந்த ஓர் அறை என் தலையில் விழுந்தது. என் திறமைக்காக இல்லை. பக்கத்துத் தேவாலயத்தில் புதன்கிழமைதோறும் கூடும் முதியோர் வட்டம் தமிழர்களுடையது, நானும் தமிழச்சி, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் கலந்த வட்டம் அது. பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமையை வட லண்டன் ஆர்ச்வே முருகனுக்கும் புதன்கிழமையை மாதாவுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்த இரண்டொரு சைவக்காரரும் உண்டு. கூடுவது தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். சுவரெல்லாம் ஈரம். கீழே இறங்கச் செங்குத்தான படிகள். இறங்க முடியாமல் போனவர்கள் ஒவ்வொருவராக வராமல் விட்டிருந்தார்கள்.

வட்டத்தின் தலைவர் ஓய்வு பெறும்வரை பெற்றோல் ஷெட் ஒன்றில் காசாளராக இருந்தவர். மெலிந்த மனிதர். சட்டையை எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். நான் போன முதல் நாளே என்னைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, மனுசிக்குப் பக்கவாதம் வந்தாப் பிறகு அவவாலை இந்தப் படி இறங்க ஏலாது. விட்டிட்டு வந்தால் எனக்கு இங்கை இருப்புக் கொள்ளுதில்லை. வீட்டிலை இருந்தால் நாலு சுவரைப் பாத்துப் பாத்து அவவுக்கு விசர் பிடிக்குது. நீங்கள் கட்டுற அறைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வரக்கூடியமாதிரி இருந்தால் காணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

“கட்டாயம் வரலாம், ஐயா” என்றேன். படியில்லாத வாசல் வரைவது என்ன பெரிய வித்தையா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. எங்கள் அலுவலகத்தின் புரொஜெக்ட் மனேஜர் என்னைவிட மிக இளையவன், வெள்ளைக்காரன், நல்ல பிள்ளை, உற்சாகம் குறையாதவன். மேசைகளில் படங்களை விரித்து, எல்லோர் கையிலும் ஒட்டுப் பொட்டுகள் கொடுத்தான். பிடித்ததற்குப் பச்சை, பிடிக்காததற்குச் சிவப்பு. கூட்டம் முடிந்தபோது சிவப்புப் பொட்டுத் தாள்கள் கொடுத்தது கொடுத்தபடி கிடந்தன. மற்றவர் பாடுபட்டுச் செய்துகொண்டு வந்ததில் சிவப்பு ஒட்டுகிற மனிதர்களா நாங்கள்? கதவுக்குப் பச்சை, வெளிச்சத்துக்குப் பச்சை, பார்க்கவே சகிக்காத அந்த ஊதாத் திரைச்சீலைக்கும் பச்சை.

கழிப்பறை அறையோடு ஒட்டி இல்லாமல் நடைபாதையின் மறுமுனையில் இருந்தால் பரவாயில்லையா என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதை நான் தமிழில் சொன்னேன். பெண்கள் மடியைப் பார்த்தார்கள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். பங்குத்தந்தை முன்வரிசையில் இருந்தார்.

“அதெல்லாம் நாங்கள் சமாளிப்பம், பிள்ளை” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“எங்களுக்காண்டி நீங்கள் கரைச்சல் படாதையுங்கோ” என்றார் தலைவர். அதற்கும் பச்சைப் பொட்டு விழுந்தது.

எங்கள் வீடுகளில் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் முதல் பதில். இரண்டாம் தரம் கேட்டாலும் அதே பதில். மூன்றாம் தரம் வீட்டுக்காரி கேட்க மாட்டாள். கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள், வந்தவரும் குடிப்பார். ஒரு தரம் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிற வீட்டைப் பற்றிச் சொந்தக்காரர் மத்தியில் கதை போய்விடும். லண்டனுக்கு வந்து அரை ஆயுள் போனாலும் இதில் மட்டும் எங்களில் யாரும் மாறவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் இதை மனேஜரிடம் சொன்னேன். அந்தப் பச்சைகளை நம்பாதே, இன்னும் இரண்டு தரம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமலே கட்ட வேண்டும் என்றேன். அவன் கவனமாகக் கேட்டான்.

“அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை வேண்டும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அது அவர்களை மதிக்காததாகாதா?” என்றான்.

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அத்தனை எரிச்சல் வந்தது.

செலவு குறைக்கும் கட்டம் வந்தபோது, அறையோடு ஒட்டி நான் வரைந்திருந்த கழிப்பறை முதலில் போனது. சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அகலம், இருபுறமும் கைபிடி, எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தது. அந்த இடத்தில் மாணவர்கள் கூடிப் படிக்க இரண்டு கண்ணாடிக் கூண்டுகள் வந்தன. நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பாவிக்கப் போகிறவர்களே கேட்கவில்லையே என்ற ஒரே பதில்தான் வந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் அதையே சொல்லி என் குரல் எனக்கே சலித்துவிட்டது. கடைசியில் கதிரைகளையாவது காப்பாற்றினேன். கை ஊன்றி எழும்பக்கூடியவை, இருக்கை உயரமானவை, எழும்பும்போது பின்னால் சறுக்காதவை. தரை பளபளக்கக்கூடாது என்றும் சண்டை பிடித்தேன். பளபளப்பான தரை வயதான கண்ணுக்கு ஈரம் போலத் தெரியும், கால் வைக்கப் பயப்படுவார்கள். அந்தச் சண்டையில் வென்றதை நினைத்து அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன், வெட்கம் கெட்டவள்.

திறப்பு விழாவுக்கு ஆண்கள் கழுத்துப்பட்டியோடும் பெண்கள் பட்டுச்சேலையோடும் வந்தார்கள். அடுத்து வந்த முதல் புதன்கிழமை தலைவர் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். தூக்கிக் கட்டிய கொண்டையும் நீலச் சேலையுமாக அவர் ராணி போல இருந்தார். சக்கர நாற்காலி வேண்டாம், எல்லோரையும் போலக் கதிரையில் இருக்க வேண்டும் என்று கையால் காட்டினார். தலைவரும் நானுமாக அவரை ஜன்னலோரக் கதிரைக்கு மாற்றினோம். எனக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. அவர் மாணவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் புறப்பட்டுவிட்டேன்.

குளிர்காலம் போனதும் பல்கலைக்கழகத்திலிருந்து எங்களுக்குச் செய்தி வந்தது. முதியவர்கள் வருவது குறைகிறது, வருகிறவர்களும் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. இப்படியே போனால் அவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு புதன்கிழமையையும் மாணவர்களுக்கே கொடுத்துவிட யோசனை, ஆளே வராவிட்டால் கவுன்சிலும் தடுக்காதாம். முடிவெடுக்க ஒரு கூட்டம் நடக்கும், அதற்கு முன் வடிவமைத்தவர்கள் வந்து பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும்.

நான் குடியிருப்பது ஹவுன்ஸ்லோவில். அங்கிருந்து அந்த அறைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும். என்றாலும் புதன்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், ஒரு பக்கம் காதுகளை அடைத்துக்கொண்டு படிக்கும் மாணவர்கள். ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. தலைவரைக் காணவில்லை. மனைவியையும் காணவில்லை. தலைவருக்கு நேரமில்லையாம் என்றார்கள்.

அறையில் என்ன குறை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லை” என்றார்கள்.

“பிறகேன் அம்மா வந்த உடனை வெளிக்கிடுறியள்?” என்று மன்னார்ப் பெண்மணி ஒருவரை மடக்கினேன்.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே, பிள்ளை? நல்ல இடம். நல்ல பிள்ளையள்” என்று சொல்லி, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார்.

மாணவர்கள் முறை வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். அன்று முறைக்கு நின்றவள் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. ‘ஆன்ட்டி’ என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். கோப்பைகளைத் திரும்ப எடுத்து வந்து கழுவுதொட்டியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். எல்லாம் நிறைந்தபடியே ஆறிப் போயிருந்தன.

“ஆன்ட்டி, நான் போடுகிற டீ அவ்வளவு மோசமா? இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், தாங்க்ஸ் சொல்கிறார்கள், ஒருவர்கூடக் குடிப்பதில்லை” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெண்கள் தூரப் பயணம் என்றால் காலையிலிருந்து வாயில் தண்ணீர் படவிடமாட்டார்கள். வழியில் இறங்க வேண்டி வந்துவிடும் என்ற பயம். இந்த மனிதர்கள் புதன்கிழமை முழுவதையும் ஒரு பயணமாக்கியிருந்தார்கள். நான் எழுந்து அந்த நடைபாதையில் நடந்து பார்த்தேன். இரண்டு கனத்த கதவுகள். இரண்டும் மாணவர் அட்டை காட்டினால்தான் திறக்கும். அட்டை இல்லாதவர்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் இளைஞனிடம் கேட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாமாம். எழுபது எண்பது வயதுப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத பெடியனிடம் போய், எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும், அட்டை தா என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். வரைந்த படத்தில் அந்தக் கதவுகள் மெல்லிய கோடுகளாகத்தான் இருந்தன. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, அந்தக் கட்டடத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

தலைவரின் வீடு டிராமில் கிட்டத்தான். போனேன். மனைவி முன்னறைக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தார். தலைவர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடி நரைத்து வளர்ந்திருந்தது. ஏன் வருவதில்லை என்று கேட்டேன். நேரமில்லை என்றார். இரண்டாம் தரம் கேட்டேன். உடம்புக்கு ஏலாது என்றார். நான் போகவில்லை. குசினி மேசைக் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவரும் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அண்டைக்கு நீங்கள் வெளிக்கிட்ட பிறகு அவவுக்கு அவசரம் வந்திட்டுது. தூக்கிச் சக்கர நாற்காலியிலை ஏத்தி, அட்டையும் வாங்கிக்கொண்டு போறதுக்கிடையிலை… அந்தக் கதிரையிலையே போயிட்டுது. என்ரை கோட்டாலை மூடிக் கொண்டுவந்திட்டன். அடுத்தநாள் துணியும் லோஷனும் கொண்டு கதிரையைத் துடைக்கப் போனன், பிள்ளை. புதன்கிழமைதான் உள்ளுக்கு விடலாமெண்டு வாசல்லை நிண்டவன் சொல்லிப்போட்டான். கண்ணாடியாலை பாத்தன். ஆரோ ஒரு பெடியன் அதிலை இருந்து படிச்சுக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?”

முன்னறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“அவ அண்டையிலையிருந்து வெளியிலை வாறேல்லை. இதை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ” என்றார்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும், வந்து சும்மா இருந்தாலே போதும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த அறையைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயம் என் வாய்க்குள் இருந்தது, அதை நான் திறக்க முடியாது.

கூட்டம் அதே அறையில் நடந்தது. பல்கலைக்கழகத்தில் கட்டடங்களுக்குப் பொறுப்பான அம்மையார், எங்கள் மனேஜர், மாணவர்கள் சிலர், வட்டத்து ஆட்கள். தலைவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கழிப்பறை தூரம், கதவுகள் கனம், அட்டை கேட்பது சங்கடம் என்று சொன்னேன். யாராவது முறைப்பாடு செய்திருக்கிறார்களா என்று அம்மையார் கேட்டார். யாரும் செய்யவில்லை. அவர் வட்டத்தாரைப் பார்த்து, அது சிரமமாக இருக்கிறதா என்று நேரே கேட்டார். நான் தமிழில் சொன்னேன். இல்லை, இல்லை, எல்லாம் நல்லது என்று தலைகள் ஆடின. எனக்கு அந்தத் தலைகளைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

அம்மையார் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார். “ஒருவேளை இவர்களைவிட நாங்கள்தான் இந்த அறையை அதிகமாக விரும்பினோமோ என்னவோ. வயதானவர்களுக்குத் தங்கள் வீடுதான் வசதி. அவர்களுக்கு வேண்டாம் என்றால் நாங்கள் வற்புறுத்தக்கூடாது.”

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன் பின்னால் கதிரை நகர்ந்தது. தலைவர் எழும்பி நின்றார். எனக்குச் சொல்லவில்லை, நேரே அம்மையாருக்கே ஆங்கிலத்தில் சொன்னார். பெற்றோல் ஷெட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எத்தனையோ வருடம் அந்நியரோடு பேசிய ஆங்கிலம், ஒவ்வொரு வார்த்தையும் துண்டு துண்டாகத் தெளிவாக விழுந்தது.

“வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. என் மனைவி இந்த அறையில், அந்த ஜன்னலோரக் கதிரையில், உடுப்போடு சிறுநீர் போய்விட்டாள். கழிப்பறைக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதனால்தான் வருவதில்லை. எங்களுக்கு இந்த அறை வேண்டும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஒரு மாணவி தன் மடிகணினியை மெதுவாக மூடினாள். அப்போது, மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொன்ன அதே மன்னார்ப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

“நானும் புதன்கிழமையிலை விடியத் தொடக்கம் பச்சைத்தண்ணி வாயிலை வைக்கிறேல்லை. சொல்லுங்கோ பிள்ளை. இங்கிலீசிலை வடிவாச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தனக்கும் அப்படித்தான் என்றார். அதையும் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், நான் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இதையெல்லாம் ஒரு மனிதர் தன் மனைவியின் மானத்தை நடுச்சபையில் வைத்த பிறகுதான் கேட்க வேண்டியிருந்ததா என்ற கோபம். மனேஜர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக் கூண்டுகளை எடுத்துவிட்டு அங்கே கழிப்பறை கட்டுவது என்று அன்றே முடிவானது. டிராம் தரிப்பிடத்தில் தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவவின்ரை மானத்தை வித்து ஒரு கக்கூசு வாங்கியிருக்கிறன், பிள்ளை” என்றார். “அவவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் என்ரை முகத்திலை முழியாள்.”

கட்டி முடிக்க அடுத்த குளிர்காலமும் போய்விட்டது. குழாய்க்குச் சரிவு போதவில்லை என்றார்கள், தரையை உடைக்க வேண்டும் என்றார்கள், உடைத்த தரைக்கு ஓடு வரவில்லை என்றார்கள். தங்கள் கூண்டுகளைப் பறித்துவிட்டதாக மாணவர்கள் அறிவிப்புப் பலகையில் குறைப்பட்டு எழுதினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அவர்களுக்குப் படிக்க இடம் குறைந்துதான் போனது. நான் வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டேன். மிச்சத்தைத் தொலைபேசியில் நச்சரித்தே முடித்தேன்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு புதன்கிழமை, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அறை நிறைந்திருந்தது. பரீட்சைக் காலம், மாணவர்கள் நிமிரவில்லை. எங்கள் ஆட்கள் தங்கள் பக்கத்தில் உரத்த குரலில் யாருடைய பேரனின் கல்யாணத்தையோ அலசிக்கொண்டிருந்தார்கள். புதுக் கழிப்பறைக் கதவு அடிக்கடி திறந்து மூடியது. தலைவரின் மனைவி ஜன்னலோரம் போகாமல் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் தலைவர், தலை ஒரு பக்கம் சாய, வாய் திறந்தபடி நல்ல நித்திரை. சுற்றிலும் அத்தனை சத்தம், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் கோட்டுகளைத் தேடத் தொடங்கியபோது, எழுப்பலாம் என்று அவர் தோளுக்குக் கை நீட்டினேன். மனைவி தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எழுப்பாதை, பிள்ளை.” வார்த்தைகள் குழறி, மெதுவாகத்தான் வந்தன. “இராவிலை என்னைப் பாத்துப் பாத்து அவருக்கு நித்திரையில்லை.”

கையை எடுத்துக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. என்னைக் கிட்டக் குனியச் சொல்லிக் கண்ணால் காட்டினார்.

“அண்டைக்குக் கூட்டத்திலை இவர் எழும்பி என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கே எல்லாரும் ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டினம்.” மூச்சு வாங்கிக்கொண்டு கணவரைப் பார்த்தார். “எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டார்.”